கேரவன் வேலைக்கு வாங்கிய கேஸ் இல்லாத வெல்டிங் மிஷின்: ஒன்பது மாதம் கழித்து

எங்கள் கேரவனுக்கு வயது 34. சினிமாக்காரர்கள் உட்காரும் கேரவன் இல்லை. பக்கி (பின்னால் சாமான் ஏற்றும் பிக்கப்) வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, இரண்டு கட்டிலும் ஓர் அடுப்பும் உள்ள சின்ன வீடு. தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனின் உப்புக் காற்று அதன் அடிப்பக்கத்தை விடாமல் தின்றுகொண்டிருக்கிறது. போன வருடம் வடக்கே கடலோர ஊரான செயின்ட் லூசியாவில் தங்கியிருந்தபோது, நிறுத்திய கேரவன் ஆடாமல் தாங்கும் பின்பக்க மூலை ஜாக்கின் பிராக்கெட் சேசிஸை விட்டுக் கிழிந்து தொங்கியது. டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த் திரும்பியதும் ஒரு பட்டறையில் விசாரித்தேன். மூலை ஜாக், வாசல் படி, தண்ணீர் கேன் வைக்க முன்னால் ஒரு ஸ்டாண்ட், மூன்றுக்கும் சேர்த்து 6,500 ரேண்ட் என்றார்கள். அதில் பாதிக்கு மிஷினே வந்துவிடும் என்று வாங்கினேன்.

என் அப்பா டர்பனின் தொழிற்சாலைப் பகுதியான ஜேக்கப்ஸில் 31 வருடம் பாய்லர்மேக்கர், கனத்த இரும்புத் தட்டுகளை வெட்டிப் பற்ற வைக்கிற வேலை. அவர் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள்தான், ஆனால் வெல்டிங் ராடை ஒருநாளும் என் கையில் தந்ததில்லை. ஐம்பது வயதுக்கு மேல்தான் முதல் முறையாகப் பிடித்தேன்.

மிஷின் 140 ஆம்பியர் கம்பி மிஷின் (ராடுக்குப் பதில் சுருளிலிருந்து கம்பி தானாக வரும்), 3,150 ரேண்ட். கேஸ் சிலிண்டர் வேண்டாம். கம்பிக்குள்ளேயே பொடி இருக்கிறது, அது எரிந்து காற்றை விலக்கிவிடும். வீட்டு முற்றத்தில் கடல் காற்று அடிக்கும்போதும் வேலை ஓடும். பிராண்டுப் பெயர் சொல்வதில் பெரிய பயன் இல்லை. இதே பெட்டி வேறு நிறத்தில் வேறு பெயரில் பக்கத்துக் கடையிலும் இருக்கும். நான் எழுதுவது இந்த வகை மிஷின் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் பற்றி.

முதல் நாளே அழுகை வரும் அளவுக்கு ஏமாற்றம். படபடவென்று வெடித்தது, தீப்பொறி நாலாபக்கமும் தெறித்தது, கோடு முழுக்கக் கரடும் முரடுமாக வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து மூடியைத் திறந்து பார்த்தார். கம்பி வெளியே வரும் கைப்பிடி, அதாவது டார்ச், பாசிட்டிவ் முனையில் மாட்டியிருந்தது. அது கேஸ் வைத்து ஓட்டுவதற்கான இணைப்பு. பொடிக் கம்பிக்கு டார்ச் நெகட்டிவிலும், இரும்பில் கவ்வும் எர்த் பாசிட்டிவிலும் இருக்கவேண்டும். கையேட்டில் அதைப் பற்றிப் பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி. மாற்றி மாட்டியதும் சத்தமே வேறாகிவிட்டது, வாணலியில் அப்பளம் பொரிவது போல ஒரே சீராக. வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்தவுடன் இதைப் பாருங்கள்.

கூட வந்த சாமான்கள் மட்டம். எர்த் கிளாம்ப் மெல்லிய தகரம், அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு. 140 ரேண்டுக்குக் கனமான ஒன்று வாங்கி மாற்றினேன். கையில் பிடிக்கும் முகமூடியைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு, தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வாங்கினேன். வெல்டிங் வெளிச்சம் பட்டு அப்பா சில இரவுகளில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் புரண்டதைப் பார்த்திருக்கிறேன், அதனால் இந்தச் செலவுக்கு யோசிக்கவில்லை.

மின்சாரம். கராஜில் உள்ள சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் மிஷினின் வெல்டிங் அளவை 100 ஆம்பியர் வரை வைத்தால் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் போனால் சில நேரம் பிரேக்கர் விழுகிறது. நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் போட்டால் கம்பி தடுமாறும், 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் வேண்டும். கரண்ட் இல்லாத நாளில் தம்பியின் 3.5 கேவிஏ ஜெனரேட்டரில் 90 ஆம்பியர் வரை ஓட்டினேன், அதைத் தாண்டியதும் ஜெனரேட்டர் முனகியது. பிப்ரவரிப் புழுக்கத்தில் ஐந்தாறு நிமிடம் விடாமல் ஓட்டினால் மஞ்சள் விளக்கு எரிந்து மிஷின் தானே நின்றுவிடும். ஃபேன் ஓடட்டும் என்று விட்டால் மறுபடி வரும். கேரவன் வேலையில் துண்டு துண்டாகத்தான் பற்ற வைக்கிறோம், அதனால் எனக்கு இது குறையாகத் தெரியவில்லை.

வாசல் படிதான் முதல் வேலை. அதன் பைப் சுவர் 1.6 மில்லிமீட்டர்தான். ராடு மிஷினில் நான் போட்டிருந்தால் நிச்சயம் ஓட்டை. இதில் 0.8 மில்லிமீட்டர் கம்பி போட்டு, ஒரு நொடி, விடு, மறுபடி ஒரு நொடி என்று பொட்டுப் பொட்டாக வைத்தேன். அழகில்லை, ஆனால் 95 கிலோ தம்பி தினமும் ஏறி இறங்குகிறான். மூலை ஜாக் பிராக்கெட்டையும் 3 மில்லிமீட்டர் தட்டில் வெட்டிப் புதிதாகப் போட்டேன்.

அதற்கு முன் கேரவனில் செய்ய வேண்டியவை சில உண்டு. கேஸ் பாட்டிலைக் கழற்றித் தூரத்தில் வைக்கவேண்டும். பேட்டரி இணைப்பை எடுக்கவேண்டும். சுவருக்குள் இருக்கும் வெள்ளை ஃபோம் சட்டென்று பற்றிக்கொள்ளும், ஆகவே ஈரச் சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்திலேயே. எர்த் கிளாம்பை வெல்டிங் போடும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் மாட்டுங்கள். எங்கோ மறுமுனையில் மாட்டினால் கரண்ட் சக்கர பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுத்துவிடலாம். துத்தநாகம் பூசிய இரும்பு என்றால் பூச்சை முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகுதான் நெருப்பு. அந்தப் புகையை இழுத்தால் சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும். பட்டறையில் எல்லோரும் பால் குடிப்பார்கள், அப்பாவும் குடிப்பார். பால் அதைத் தடுக்காது. முகத்தில் சரியான மாஸ்க், திறந்த வெளி, இரண்டும்தான் தடுக்கும்.

தண்ணீர் கேன் ஸ்டாண்ட் நன்றாகவே வந்தது. 9 கிலோ இரும்பு, 20 லிட்டர் கேன் இரண்டு. சேசிஸில் பற்ற வைக்காமல் யு போல்ட்டில் மாட்டினேன். மாட்டிவிட்டுக் குளியலறைத் தராசை வைத்துக் கொக்கியில் இறங்கும் பாரத்தைப் பார்த்தால் 62 கிலோவாக இருந்தது 98 ஆகியிருந்தது. என் பக்கியின் கையேடு 100க்கு மேல் கூடாது என்கிறது. சரி, ஓடும்போது ஒரு கேனில் மட்டும் தண்ணீர், இன்னொன்றை முகாமில் போய் நிரப்பலாம் என்று முடிவு. இப்போது 83. இதையே பின்பம்பரில் மாட்டலாமே என்று கேட்டார்கள். பின்னால் பாரம் ஏறினால் கேரவன் சாலையில் வால் ஆட்டும், மாட்டவே மாட்டேன். அப்புறம், நாம் சேர்க்கும் ஒவ்வொரு கிலோ இரும்பும் கேரவனில் பதித்திருக்கும் தகட்டில் எழுதியிருக்கும் மொத்த எடைக்குள்தான் அடங்கவேண்டும்.

ஸ்டாண்டுக்காகப் பெயின்டைத் தேய்த்தபோதுதான் கேரவனைக் கொக்கியோடு சேர்க்கும் இழுவைச் சட்டத்தில், ஜாக்கி வீல் என்கிற முன்பக்கச் சின்னச் சக்கரம் மாட்டும் இடத்துக்கு அருகே, விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் தெரிந்தது. மிஷின் கையில் இருக்கிறது, கம்பி இருக்கிறது, பத்து நிமிட வேலை. தம்பிதான் கையைப் பிடித்தான். "அக்கா, அதை நீங்க தொடாதீங்க. முதல்ல வேற துண்டுல போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். 2, 3, 5 மில்லிமீட்டர் தட்டுகளில் டி வடிவில் பற்ற வைத்து, வைஸில் கவ்வி, அப்பாவின் சுத்தியலால் அடித்தேன். 2, 3 இரண்டும் முழுக்க மடங்கின, வெல்டிங் விடவில்லை. 5 மில்லிமீட்டர் துண்டு மூன்றாவது அடியில் உரிந்து வந்துவிட்டது. மேலே கோடு அத்தனை அழகு. அடியில் தட்டு உருகவே இல்லை, மேலே ஒட்டவைத்த மாதிரி இருந்தது. கம்பிச் சுருளின் லேபிளைப் பிறகு படித்தேன். ஜிஎஸ் என்று முடியும் கம்பி ஒரே ஒரு கோடு போடுவதற்கு மட்டுமே, அதன் மேல் இன்னொரு கோடு ஏற்றிக் கனம் சேர்க்கக் கூடாது.

அந்தத் துண்டை மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து டவுன் ஹில் என்ற மலை ஏற்றத்தில் பின்னால் லாரி வரிசை வரும்போது அந்தச் சட்டம் விட்டால் என் கேரவன் மட்டுமா போகும்? மறுநாளே சான்றிதழ் பெற்ற ஒரு வெல்டரிடம் கொண்டுபோனேன். அவர் விரிசல் முடியும் இடத்தில் துளையிட்டு, விரிசலை முழுக்கத் தோண்டி எடுத்து, நிரப்பி, மேலே வைர வடிவப் பட்டை வைத்துப் பற்றினார். பட்டை ஏன் சதுரமில்லை என்று கேட்டேன். சட்டத்துக்குக் குறுக்கே நேர்க்கோட்டில் வெல்டிங் வந்தால் அடுத்த விரிசல் அந்தக் கோட்டிலேயே தொடங்கும் என்றார். 1,800 ரேண்ட். மனசார எண்ணிக் கொடுத்தேன்.

ஆகவே 3 மில்லிமீட்டர் வரை உள்ள படி, ஸ்டாண்ட், பிராக்கெட் வேலைக்கு இந்த மிஷினைத் தயங்காமல் வாங்குங்கள். இழுவைச் சட்டம், அச்சு, கொக்கி, இந்த மூன்றின் பக்கம் இதைக் கொண்டுபோக வேண்டாம். ஸ்டாண்டோடு டிராகன்ஸ்பர்க் மலை வரை இரண்டு முறை போய்வந்தோம். ஒவ்வொரு முறையும் வெல்டிங் மேல் அடித்த வெள்ளைப் பெயின்டில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் லைட் அடித்துப் பார்க்கிறேன், இதுவரை ஒன்றும் இல்லை.

ஒரு விஷயம் விட்டுப்போனது. கம்பிச் சுருளை மிஷினுக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். டர்பன் ஈரத்தில் இரண்டே மாதத்தில் துருவேறி, அரைச் சுருள் வீணாயிற்று. புதுச் சுருளைப் பழைய முறுக்கு டின்னில், ஒரு துணிப்பை அரிசியோடு மூடி வைத்திருக்கிறேன். நாலு மாதமாகப் பளபளவென்று இருக்கிறது.