தூளியா, தரை மெத்தையா? ஒன்றரை வயதில் நாங்கள் மாற்றிய கதை

மகளுக்கு இப்போது 22 மாதம். 19 மாதம் வரை தூளி, அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் தரையில் போட்ட கெட்டியான மெத்தை. நான் மெத்தை பக்கம்தான்.

தூளியின் அருமை தெரியாமல் சொல்லவில்லை. அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை, உத்தரத்தில் கொக்கி, குறுக்கே ஒரு தொட்டில் கம்பு, அவ்வளவுதான் செலவு. ஐந்து நிமிடம் ஆட்டினால் கண் சொருகிவிடும். எழுந்து நின்று எட்டிப் பார்க்கிற வயதில் விழுந்துவிடும், துணி கழுத்தில் சிக்கும் என்ற பயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாடகை வீட்டில் கொக்கி கிடைப்பதும் பெரிய பாடு.

ஆனால் எங்களை மாற வைத்தது நடுராத்திரி விழிப்பு. பிள்ளைகளின் தூக்கம் ஒரே இழுப்பாகப் போவதில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை லேசாக விழிப்புத் தட்டும், பெரியவர்களுக்கும் உண்டு, நாம் புரண்டு படுத்துவிடுகிறோம். ஆட்டத்திலேயே தூங்கிப் பழகிய குழந்தை கண் திறக்கும்போது ஆட்டம் நின்றிருந்தால், அது திரும்பக் கிடைக்கும் வரை அழும். எங்கள் வீட்டில் பதினொன்றரை, ஒன்று, மூன்று என்று எழுந்து, நானும் அவரும் முறை வைத்து இருட்டில் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தோம். கை நின்றால் சிணுங்கல். 1 முதல் 2 வயது வரை மதியத் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்த்தேன், இவளுக்குப் பத்தைத் தாண்டவில்லை. காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இட்லியைத் தட்டிவிட்டு, காரணமே இல்லாமல் அழுததெல்லாம் அப்போதுதான் புரிந்தது.

மெத்தைக்கு மாறிய முதல் இரவு முக்கால் மணி நேரம் அழுதாள். "தூளில போட்டா அஞ்சு நிமிஷம், எதுக்குடி பிள்ளைய அழ விடுற?" என்று அம்மாவுக்குத் தாங்கவில்லை. தனியே விட்டு அழ வைக்கவில்லை, பக்கத்திலேயே படுத்து முதுகைத் தட்டிக்கொண்டுதான் இருந்தேன். தினமும் ஒரே வரிசை: ஏழேகாலுக்குச் சாப்பாடு, வெந்நீரில் கைகால் கழுவல், பெரிய விளக்கை அணைத்து ஒரு படப் புத்தகம், ஒரே தாலாட்டு, எட்டரைக்குள் படுக்கை. சாப்பாட்டுக்குப் பிறகு டிவி, போன் யாருக்கும் கிடையாது. இதில்தான் வீட்டுப் பெரியவர்களோடு அதிகம் பேச வேண்டியிருந்தது. தட்டுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தூக்கம் வருவதற்கு முன்பே கையை எடுத்துவிடப் பழகினேன். அது முக்கியம், இல்லாவிட்டால் கயிற்றுக்குப் பதிலாக என் கை வந்துவிடும். அந்தச் சுங்குடிப் புடவையையே மெத்தைக்கு விரிப்பாகச் செருகிவிட்டேன். கன்னத்தை அதில் தேய்த்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ முதல் தடவையாக விடியும்வரை தூங்கினாள். இப்போதும் வாரத்தில் ஓரிரு இரவு எழுகிறாள், பல் முளைக்கும்போதும் சளி பிடித்தபோதும் எல்லாம் கலைந்தது. ஆனால் நான்கைந்து நாளில் பழைய வரிசைக்குத் திரும்ப முடிகிறது. ஊருக்குப் போனாலும் அதே விரிப்பு, அதே தாலாட்டு. கொக்கி தேட வேண்டியதில்லை.

மதியத் தூக்கத்துக்கு அம்மா வீட்டில் இன்னும் தூளிதான், யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். இவளுக்கு அதனால் இரவில் குழப்பம் வரவில்லை, எல்லாப் பிள்ளைக்கும் அப்படி இருக்குமா என்று ஒரு குழந்தையை வைத்து என்னால் சொல்ல முடியாது. வேலைக்குப் போய் எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு எட்டரைக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் ஒன்பதரை என்றே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைத் தினமும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.