லீ-என்ஃபீல்டா, போயர் மவுசரா?

போன வருஷம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடை ஒன்றில் இரண்டு பழைய பட்டாளத் துப்பாக்கிகள் அக்கம்பக்கமாக நின்றன. ஒன்று .303 லீ-என்ஃபீல்ட் நம்பர் 4. இன்னொன்று 7 மி.மீ. போயர் மவுசர், ஓ.வி.எஸ். (ஆரஞ்சு சுதந்திர நாடு என்ற போயர் குடியரசு) முத்திரையோடு, 1899இல் பிரிட்டனோடு தொடங்கிய போயர் போர்க்காலத்து ஆசாமி. நம்பர் 4ஐ நான் எடுத்தேன், மவுசரை டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி அண்ணன் ஒருவர் எடுத்தார். ஆகவே என் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும்.

குழலில் அடைப்பு, துரு, மரத்தில் விரிசல், இதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். துரு பிடிக்காமல் பூசி வைத்த பழைய கிரீஸும் அப்படித்தான். கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி டர்பன் வெயிலில் வைத்தால் நெய் போல இளகி ஒழுகும் (துப்பாக்கியை விட்டு நகராதீர்கள், நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்), மிச்சத்தை மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்னால் பூட்டும் உருளையை) சுத்தம் செய்வதில் மட்டும் மவுசர்தான் கெட்டி. அண்ணன் கருவி எதுவும் இல்லாமல் ஒரே நிமிஷத்தில் பிரித்துப் போட்டுவிட்டார். எனக்கோ உள்ளே இருக்கும், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியைத் திருகி எடுக்க ஒரு தனிச் சாவி வேண்டியிருந்தது, அதை இரவல் வாங்கினேன்.

சரி, என்னை நம்பர் 4 பக்கம் இழுத்தது ஹெட்ஸ்பேஸ். போல்ட் பூட்டியபின் அதன் முகத்துக்கும், தோட்டா முன்னால் போகாமல் முட்டி நிற்கும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் அது. அதிகமானால் தோட்டாவின் பித்தளைக் கூடான கேஸ் இழுபட்டு அடிப்பக்கம் அறுந்துபோகும். .303 தோட்டா தன் பின்விளிம்பு முட்டி உட்காருவது. ராணுவக் கணக்குப்படி 0.064 அங்குல கேஜில் (தோட்டா இடத்தில் வைத்து அளவு பார்க்கும் இரும்புத் துண்டு) போல்ட் மூட வேண்டும், 0.074இல் மூடக்கூடாது. "போன வாரம்கூடச் சுட்டோம்" என்று கடைக்காரர் சொன்ன என் துப்பாக்கி, 0.074இல் சுண்டுவிரல் தள்ளியதற்கே மூடிக்கொண்டது! ஆனால் நம்பர் 4இல் போல்ட்டின் தலை தனியாகத் திருகிக் கழலும், 0 முதல் 3 வரை எண் போட்டு, ஒன்றைவிட ஒன்று நூலிழை நீளமாக வரும். என்னுடையது 1. அதை எடுத்துவிட்டு 3ஐப் போட்டதும் 0.074இல் மூட மறுத்தது. புதுத் தலை சரியாகப் பொருந்தி நிற்கிறதா என்று துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடமும் காட்டிக்கொண்டேன். பழைய நம்பர் 1 மாடல் தலையில் இந்த எண்கள் கிடையாது, அதை வாங்குபவர்கள் கவனிக்கவும்.

மவுசர் தோட்டா தோள்பட்டையில் (கேஸ் கழுத்தாகக் குறுகும் சரிவில்) உட்காருவது, அதற்கு இப்படித் தலை மாற்றும் வசதி இல்லை. அண்ணன் கைப்பிடியைத் தூக்கும்போது பாதியில் ஏதோ தட்டியது. போல்ட்டின் பற்கள் உட்காரும் இடம் பல வருஷ அடியில் குழிந்துவிட்டது என்றார் கன்ஸ்மித். குழலை மாற்றலாம் என்றால் இங்கே குழலும் சட்டப்படி ஒரு துப்பாக்கிதான், அதற்கும் அனுமதி வேண்டும், தவிர குழிந்த உடம்பில் புதுக் குழல் போட்டு என்ன பயன்? அது இப்போது பெட்டகத்தில் சும்மா நிற்கிறது. எல்லா மவுசரும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை, நான் கிட்ட இருந்து பார்த்தது அந்த ஒன்றை மட்டுமே.

அப்புறம், பழைய ராணுவத் தோட்டா சுட்டால் எதுவானாலும் அன்றைக்கே குழலில் வெந்நீர் ஊற்றுங்கள். அதன் பிரைமர் (ஊசி தட்டியதும் முதலில் பற்றும் மருந்து) விட்டுப்போவது உப்பு, எண்ணெயில் கரையாது. நம் கடற்கரைக் காற்றில் மறுநாளே துரு காட்டும்.

முதல் குண்டை நான் கையில் பிடித்துச் சுடவில்லை. பழைய டயரில் கட்டி, கயிற்றால் இழுத்தேன். காலிக் கேஸின் அடிப்பக்கம், இழுபட்டதற்கு அடையாளமாகப் பளபளவென்று வளையம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. இரண்டாவதைத் தோளில் வைத்துச் சுட்டேன்.