"எது வேண்டுமானாலும் வரையுங்கள்": ஏழு டிசம்பர், ஏழு பரிசு ஓவியங்கள்

என் வீட்டுக்குள் நுழைந்ததும் காலணி அலமாரிக்கு மேலே ஒரு படம் இருக்கும். நீலத் தலைமுடி வீரன் ஒருவன், இரண்டு கையிலும் வாள், பின்னால் எரியும் கோட்டை. நன்றாகவே வரைந்த படம். வருகிறவர்கள் எல்லாரும் "யார் இது?" என்று கேட்பார்கள். எனக்கும் வெகுநாள் தெரியாது. 2018 டிசம்பரில், எங்கள் முதல் ரசிகர் ஓவியப் பரிமாற்றத்தில் எனக்குக் கிடைத்த பரிசு அது. தப்பு வரைந்தவர் மேல் இல்லை. விருப்பச் சீட்டில் நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: "எது வேண்டுமானாலும் வரையுங்கள், சந்தோஷம்தான்."

2024 வரை ஏழு டிசம்பர் ஆகிவிட்டது. ஏழு படம் கொடுத்திருக்கிறேன், ஏழு படம் வாங்கியிருக்கிறேன். ஒரு மிக்சியை ஏழு வருஷம் ஓட்டினால் அது எங்கே மக்கர் பண்ணும் என்று கை அறிந்துவிடும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நாங்கள் ஒன்பது பேர். 2008 முதல் சிங்கப்பூரில் நடந்துவரும் அனிமே ஃபெஸ்டிவல் ஏஷியா விழாவில், ஓவியர்கள் மேசை போட்டுத் தங்கள் படங்களை விற்கும் பகுதியில் பழக்கமானவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் அவர்களுடைய அக்கா, அலுவலகத் தோழி, தேசிய சேவை நண்பர் என்று ஒட்டிக்கொண்டவர்கள். ஒருவரை ஒருவர் பேட்டையைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். உட்லண்ட்ஸ் அக்கா, ஜூரோங் அண்ணன், பொங்கோல் தம்பி. நான் ஈசூன். தீபாவளி முடிந்ததும் அவரவர் தமக்குப் பிடித்த கதாபாத்திரங்களைச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். யாருக்கு யார் வரைவது என்பது குலுக்கலில் முடிவாகும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். படம் கைக்கு வரும்வரை வரைந்தது யார் என்று சொல்லக் கூடாது.

குலுக்கலில் முதல் வருஷமே சிக்கல். மைலோ டின்னில் சீட்டுப் போட்டு எடுத்தோம். அண்ணன் தன் பெயரையே எடுத்தார். திரும்பப் போட்டால் தம்பி தன் பெயரை எடுத்தான். ராசி சரியில்லை என்று சிரித்தோம். அப்புறம் கணக்கு ஆசிரியையாக இருக்கும் தோழி ஒருத்தி விளக்கினாள்: இப்படிக் குலுக்கினால் பத்தில் ஆறு தடவைக்குமேல் யாராவது ஒருவருக்குத் தன் பெயரே வந்து சேரும், ஒன்பது பேர் என்றாலும் தொண்ணூறு பேர் என்றாலும் ஏறக்குறைய அதே விகிதம்தான். அதற்கு அவள் சொன்ன வழி எளிது. பெயர்களைக் கலைத்து வட்டமாக அடுக்கி, ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு வரைய வேண்டும். கடைசி ஆள் முதல் ஆளுக்கு. அன்றிலிருந்து குலுக்கலில் சண்டையில்லை. ஆனால் அடுக்குகிறவருக்கு எல்லா ரகசியமும் தெரிந்துவிடும். அதனால் அந்த வேலையை அவளுடைய கணவரிடம் விட்டிருக்கிறோம். அவருக்கு ஓவியத்தில் துளியும் ஆர்வம் கிடையாது, யாரிடமும் வாய் திறக்கமாட்டார்.

உண்மையான பிரச்சினை விருப்பச் சீட்டில்தான். நம் வளர்ப்பு அப்படி. விருந்துக்குப் போன இடத்தில் "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் "எதுன்னாலும் பரவாயில்லை" என்றுதான் வாயில் வரும். இன்னது வேண்டும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று சின்ன வயதிலேயே மண்டையில் ஏறிவிட்டது. முதல் வருஷம் ஒன்பது சீட்டில் ஆறு சீட்டு அந்த மாதிரி. எனக்கு வந்ததும் அப்படி ஒரு சீட்டுத்தான். என்ன வரைவது என்று யோசிப்பதிலேயே மூன்று வாரம் போய், கடைசி நாலு நாளில் அவசரமாக ஒரு படம் போட்டேன். வாங்கியவர் "அழகா இருக்கு" என்றார். அவர் கண்ணில் வேறு ஒன்றும் தெரியவில்லை. பணிவு என்று நினைத்து எழுதுகிற அந்த ஒரு வரி, வரைகிறவர் தலையில் பாறாங்கல்லை வைப்பது மாதிரி.

இதற்கு மாற்று காட்டியது பொங்கோல் தம்பி. ரசிகர்கள் ஒருவருக்கொருவர் கதை எழுதிப் பரிசளிக்கும் யூல்டைட் என்ற பரிமாற்றம் 2003 முதல் ஆண்டு இறுதியில் நடக்கிறது. அவன் அதில் எழுதியிருக்கிறான். அங்கே ஒவ்வொருவரும் தனக்கு எழுதப்போகிறவருக்கு ஒரு கடிதமே எழுதி வைப்பார்களாம். என்ன பிடிக்கும், ஏன் பிடிக்கும், எது கண்டிப்பாக வேண்டாம், எல்லாம் அதில் இருக்கும். யாராவது கடைசி நேரத்தில் கைவிட்டால் ஈடுகட்ட மாற்று ஆட்களும் தயாராக நிற்பார்கள். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். 2019 முதல் எங்கள் சீட்டு ஒரு முழுப் பக்கம்.

அதிலும் "வேண்டாம்" என்ற பகுதிதான் பெரிய உபகாரம். ரத்தம் வேண்டாம், பாம்பு வேண்டாம், இந்த இரண்டு பேரையும் ஜோடியாகப் போட வேண்டாம். நான்கு சுவர் தெரிந்துவிட்டால் உள்ளே தைரியமாக ஆடலாம்.

2020ஐச் சொல்லாமல் விட முடியாது. டிசம்பர் 28 அன்று கொரோனாக் கட்டுப்பாடுகளில் மூன்றாம் கட்டத் தளர்வு வந்தது, ஒரு வீட்டுக்கு 8 விருந்தினர் வரலாம் என்றார்கள். வீட்டுக்காரர் ஒருவர், விருந்தினர் எட்டு, ஆக ஒன்பது. எங்களுக்காகவே போட்ட சட்டம் மாதிரி இருந்தது. 2021 ஜனவரி 2, சனிக்கிழமை, முகக்கவசத்தோடு படங்களைப் பிரித்தோம். அந்த வருஷம் வந்த படங்கள் எல்லாவற்றிலும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த வாசனை. ஜன்னலோரம் உட்கார்ந்த கதாபாத்திரங்கள்தான் அதிகம்.

நான் கொடுத்தவற்றில் எனக்கே பிடித்தது 2021 படம். உட்லண்ட்ஸ் அக்காவின் சீட்டு. "பொன்னியின் செல்வனில் எனக்குக் குந்தவையும் வேண்டாம் நந்தினியும் வேண்டாம். பூங்குழலி வேண்டும். அழுதுகொண்டிருக்கக் கூடாது. மணியம் வரைந்த முகத்தைப் பார்த்து வரையக் கூடாது, படத்தில் நடிக்கப்போகிற நடிகை முகமும் கூடாது." படத்தின் முதல் பாகம் 2022இல்தான் வந்தது, அதற்கு முன்பே அக்கா கதவைச் சாத்திவிட்டார். கல்கி இதழில் 1950இல் தொடர் தொடங்கியபோது மணியம் போட்ட சித்திரங்கள்தான் எங்கள் தலைமுறைக்கும் அந்தக் கதையின் முகங்கள். அதை விட்டுவிட்டு வரை என்றால், சொந்த அம்மா முகத்தை மறந்துவிட்டு அம்மாவை வரை என்ற மாதிரி. பத்து நாள் பென்சிலைக் கடித்தேன்.

சீட்டின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "மாதம் ஒரு தடவை பூலாவ் உபினுக்கு சைக்கிள் ஓட்டப் போவேன்." அது போதுமாக இருந்தது. கோடிக்கரை ஓடக்காரியை, அந்தத் தீவுக்குப் படகு ஏறும் சாங்கி முனைப் படகுத்துறையில் கொண்டுவந்து நிறுத்தினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி, உபின் படகின் முனையில் நிற்கிறாள். முகம் பாதிதான் தெரியும். படகுக்குள் பயணிகள்: காய்கறிக் கூடையோடு ஒரு சீனப் பாட்டி, சைக்கிளோடு இரண்டு பையன்கள், தூங்கும் ஒரு மலாய் மாமா, இன்னும் சிலர். அக்கா படத்தை விரித்து ஒரு நிமிஷம் பேசவில்லை. விரலால் தலைகளை எண்ணினார். "பதினொண்ணு" என்றார். அப்புறம் சிரித்தார். உபின் படகு 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். அந்தப் படகு யாருக்காகக் காத்திருக்கிறது என்று நான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாங்கிக்கொள்வதும் ஒரு வேலைதான், அதில் நாங்கள் எல்லாருமே மோசம். கொடுத்தவர் முன்னால் பரிசைப் பிரிக்கும் வழக்கம் நம் வீடுகளில் கிடையாது. முதல் வருஷம் "எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம். இரவில் கைப்பேசியில் இரண்டு கும்பிடும் ஒரு "சூப்பர்". நாற்பது மணி நேரம் உட்கார்ந்து வரைந்தவருக்கு இது பத்தாது. இப்போது அங்கேயே பிரித்து, படத்தில் கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் பள்ளிக்கூட வாய்மொழித் தேர்வு மாதிரி கூச்சமாக இருந்தது. ஒரு தடவை ஒருவர் "இந்தப் பொண்ணோட வலது கொலுசு மட்டும் கொஞ்சம் சரிஞ்சிருக்கே" என்றார். வேண்டுமென்றே செய்தது அது. அந்த ஒரு பேச்சிலேயே அடுத்த வருஷத்துக்கும் வரைய ஆசை வந்துவிட்டது.

இனி, படங்கள் எப்படித் தாக்குப்பிடித்தன என்பது. இந்த ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 சதவீதத்துக்கு மேல். காகிதத்துக்கு இது நரகம். ஏழில் இரண்டு படங்கள் கெட்டுப்போயின. ஒன்று ஆல்கஹால் மார்க்கரில் வரைந்தது. மேற்கு பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன், இரண்டே வருஷத்தில் கன்னத்துச் சிவப்பெல்லாம் போய் அந்தப் பெண் காய்ச்சல்காரி போல ஆகிவிட்டாள். அந்த மார்க்கர்களில் இருப்பது சாய மை, வெளிச்சத்தில் நிற்காது. தப்பு என்னுடையது. நீர்வண்ணத்திலும் கண்ணைப் பறிக்கும் ஓபரா ரோஸ் மாதிரியான நிறம் சீக்கிரம் வெளுக்கும். குழாயின் மேல் ஒளி தாங்கும் தன்மைக்கான குறி இருக்கும், அதைப் பார்த்து வாங்குவது நல்லது. இன்னொன்றைச் சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் முடிந்ததும் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள், எடுக்கப் பார்த்தால் வண்ணம் கண்ணாடியோடு வந்தது. அப்புறம்தான் பிராஸ் பாசா காம்ப்ளெக்சில் சட்டம் போடும் கடைக்காரர் சொன்னார், நடுவில் அமிலமில்லாத அட்டை ஒன்று விளிம்பாக இருக்க வேண்டும், காகிதம் கண்ணாடியைத் தொடவே கூடாது என்று. படத்துக்கான பொருள் செலவு 15 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறோம். சட்டம் போட அதைப்போல மூன்று மடங்கு ஆகிறது, அது வாங்குபவர் தலையில். இதைப் புதிதாகச் சேர்கிறவர்களிடம் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

டேப்லெட்டில் வரைகிறவர்களுக்கு வேறு தலைவலி. தம்பி ஒரு தடவை கைப்பேசித் திரைக்குப் போதுமான அளவில் வரைந்துவிட்டு ஏ3 தாளில் அச்சடித்தான். கிட்டே போனால் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஏ4 அளவில் தெளிவாக அச்சாக வேண்டுமென்றால் 2480க்கு 3508 புள்ளிகள் வேண்டும், அதை வரைய ஆரம்பிக்கும்போதே வைத்துவிட வேண்டும். திரையில் ஜொலிக்கும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கித்தான் வரும்.

இரண்டு மனக்கசப்புகளையும் சொல்லிவிடுகிறேன். 2023இல் ஒருவர் செயற்கை நுண்ணறிவில் செய்த படத்தைக் கொண்டுவந்தார். நெற்றிச்சுட்டி பாதியில் தலைமுடியாக மாறியிருந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்தோம். அவர் அந்த மாதம் 12 மணி நேர இரவு வேலையில் இருந்தார், "வெறுங்கையோட வரக்கூடாதுன்னுதான்" என்றார். யாருக்கும் திட்ட மனம் வரவில்லை. ஆனால் வாங்கிய பெண் அந்தப் படத்தை மாட்டவில்லை என்பதும் உண்மை. மாற்று ஆள் எதற்கு இருக்கிறார், கேட்டிருக்கலாம். பென்சிலில் ஒரு கை மட்டும் வரைந்து கொடுத்திருந்தாலும் போதும் என்பது என் கட்சி.

இன்னொன்று என் படத்துக்கு நடந்தது. வாங்கியவர் அதைக் குவளைகளில் அச்சடித்துத் தீபாவளிக்கு உறவினர்களுக்கெல்லாம் கொடுத்தார். பெருமைதான். ஆனால் மூலையில் இருந்த என் கையெழுத்தை வெட்டியிருந்தார், குவளையில் இடம் போதவில்லையாம். பரிசாகக் கொடுத்தால் காகிதம்தான் கைமாறும், பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவர் பெயரைக் குறிப்பிடும் உரிமையையும் கொடுக்கிறது. ஒரு குவளைக்காகச் சட்டம் பேசுவதா என்று சும்மா இருந்துவிட்டேன். இப்போது கையெழுத்தைப் படத்துக்குள்ளேயே, புடவைக் கரையிலோ படகின் பலகையிலோ ஒளித்து வைக்கிறேன். வெட்ட முடியாது.

இந்த வருஷ வட்டத்தில் எனக்கு வந்திருப்பது ஜூரோங் அண்ணன். ஏழு வருஷமாகத் திருந்தாத ஒரே ஆள். முழுப் பக்கச் சீட்டில் மேலே ஒரு வரி: "எதுன்னாலும் சரி." வேண்டாம் என்ற பகுதியில் ஒரு கோடு. வேறு வழியில்லாமல் அண்ணிக்கு ரகசியமாக ஃபோன் போட்டேன்.

"அவருக்கு என்ன பிடிக்கும்னு எனக்கே தெரியாதும்மா, கல்யாணமாகி இருபது வருஷமாச்சு" என்றார் அண்ணி. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது, "இரு இரு" என்றார். "பிள்ளைங்க அந்தப் பூனை எலி கார்ட்டூன் பார்க்கும்போது கூட உட்காருவார். எலி ஜெயிச்சா எழுந்து போயிடுவார்."

பூனையை வரைய ஆரம்பித்திருக்கிறேன். சாய்வு நாற்காலியில், கால்மேல் கால் போட்டு, பக்கத்தில் ஒரு கோப்பி. எலி எங்குமே இல்லை.