ரிப்போர்ட் பட்டனுக்கு ஒரு ஸ்டார், 14416-க்கு அஞ்சு

பாலக்கோட்டுல இருந்து எழுதறேங்க. ஒரு பெரிய வீடியோ ஆப்போட ரிப்போர்ட் சர்வீஸ் பத்தின ரிவியூ இது, பேர் வேண்டாம்.

அக்கா பையனுக்கு 17 வயசு, பிளஸ் டூ. ஒருநாள் ராத்திரி 'என்னால முடியல, யாராச்சும் பேசுங்க'ன்னு போஸ்ட் போட்டிருக்கான். கீழ ஒருத்தன் 'சீன் போடாத, தைரியம் இருந்தா செஞ்சு காட்டு'ன்னு எழுதி, இவன் பதில் சொல்லலைன்னதும் விடாம 'இன்னுமா இருக்க'ன்னு திரும்பத் திரும்ப கேட்டுட்டே இருந்திருக்கான். விடிகாலை நாலு மணிக்கு தக்காளி மண்டிக்கு கிளம்பறப்ப தான் பாத்தேன், வண்டிய திருப்பிட்டு நேரா அக்கா வீட்டுக்கு ஓடுனேன். மாடிப்படில போனை நெஞ்சோட வச்சுட்டு உக்காந்திருந்தான். 'மாமா, நீ பாத்துட்டியா'ன்னு மட்டும் கேட்டான்.

அங்கயே உக்காந்து 14416 போட்டேன். டெலிமானஸ்னு மனநல ஹெல்ப்லைன், 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் இருக்கு, காசு கிடையாது. தமிழ்லயே பேசுனாங்க. அந்தம்மா எடுத்ததும் 'தம்பி சாப்ட்டியா'ன்னு தான் கேட்டாங்க, அதுக்கே அழுதுட்டான். முக்கால் மணி நேரம் பேசினான், இடையில ஒரு தடவை கூட அவசரப்படுத்தல.

ஆப் கதை வேற. தூண்டி விட்டவனோட கமெண்ட் எல்லாத்தையும் ரிப்போர்ட் பண்ணேன், ரெண்டு நாள் கழிச்சு 'எங்க விதிகளை மீறல'ன்னு பதில். ஆனா எங்க பையன் உதவி கேட்ட போஸ்ட்டை விதிமீறல்னு தூக்கிட்டாங்க! அழுதவன் வாயை மூடிட்டு, தள்ளி விட்டவனை பேச விட்டிருக்காங்க.

சட்டத்துக்கு இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். 2015-ல ஸ்ரேயா சிங்கால் கேஸ்ல, ஆன்லைன்ல புண்படுத்தற மாதிரி எழுதுனா ஜெயில்னு சொன்ன ஐடி சட்டப் பிரிவு 66ஏ-வ ரத்து பண்ணப்ப, பேசறது, ஆதரிச்சு பேசறது, தூண்டறது மூணும் வேற வேற, தூண்டற அளவுக்கு போனா தான் தடுக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. சண்டைல கோவத்துல 'போய் சாவு'ன்னு சொன்னது மட்டும் தற்கொலைக்கு தூண்டுனதா ஆகாதுன்னும் 2002-லயே தீர்ப்பு இருக்கு. அது சரின்னு தான் நானும் சொல்வேன், மனசு விட்டு பேசறதுக்கே பயந்தா பசங்க எங்க போவாங்க. ஆனா தெரிஞ்சே ஒருத்தனை விடாம தள்றது வேற. பிஎன்எஸ்னு இப்ப இருக்கற குற்றச் சட்டத்துல, 108-வது பிரிவுல அதுக்கு பத்து வருஷம் வரைக்கும் ஜெயில், 18 வயசுக்கு கீழன்னா 107, தூக்கு வரைக்கும் போகலாம். ஆனா இது ரெண்டும் உயிர் போன பிறகு தான் வரும். அதுக்கு முன்னாடி தடுக்க வேண்டியது இந்த பட்டன் தான, அதுவே இப்படி இருந்தா?

ரிப்போர்ட் அடிக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, போஸ்ட் போயிட்டா ஆதாரமும் போயிடும். நான் எடுத்ததால தான் சைபர் க்ரைம் போர்ட்டல்ல புகார் குடுக்க முடிஞ்சுது. ஆப்போட குறைதீர் அதிகாரிக்கும் மெயில் போட்டேன், 2021 ஐடி ரூல்ஸ்படி இப்ப 7 நாள்ல முடிக்கணும். இன்னிக்கு 19-வது நாள், அந்த கமெண்ட் இன்னும் அங்கயே இருக்கு.