312 இணைப்பு, 3,000 வெள்ளி, ஒரு போன்கூட வரவில்லை

நேற்று ஈஜோக்கில் கேக் செய்து விற்கும் என் சித்தி மகள், தனக்கு வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியை எனக்கு அனுப்பி, "அக்கா, இதை நம்பலாமா?" என்று கேட்டாள். படித்ததும் வயிற்றைக் கலக்கியது. கடையைக் கூகுள் தேடலில் மேலே கொண்டுவருகிறேன் என்று ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு ஆள் எனக்கு அனுப்பிய அதே செய்தி. அதே "நம்ம ஆளுங்க முன்னுக்கு வரணும் அக்கா". இப்போது சாட்ஜிபிடியிலும் பெயர் வரவைப்பாராம், அது மட்டும்தான் புதிது. அவளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில் கெனோப்பி (விழாக் கூடாரம்), மேசை நாற்காலி வாடகைக்கு விடுகிறோம். 2007-இல் ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். கோயில் திருவிழா, கல்யாணம், கருமாதி என்று வீட்டுக்காரரின் லோரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ரவாங், கோலசிலாங்கூர் பக்கத்து ஆர்டரெல்லாம் கூகுளில் மேலே வரும் பெரிய கடைகளுக்குப் போகிறதே என்று எனக்கு ஒரு ஆற்றாமை. மகள் செய்து கொடுத்த இணையத்தளத்தை நாங்களே தேடினால்தான் கண்ணில் படும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த வாட்ஸ்அப் செய்தியோடு அவர் வந்தார். அக்கா அக்கா என்று பேசியதால் நானும் தம்பி என்றே கூப்பிட்டேன். கோலாலம்பூரில் அலுவலகம் என்றார். எங்கள் கடையைப் பற்றி ஒரு பிரஸ் ரிலீஸ் எழுதி 300 செய்தித் தளங்களில் போடுவாராம். ஒவ்வொன்றிலிருந்தும் எங்கள் தளத்துக்கு ஒரு இணைப்பு இருக்கும். "300 பேர் உங்களுக்கு சிபாரிசு பண்ற மாதிரி அக்கா, கூகுள் எப்படி உங்களை மேலே தூக்காமல் இருக்கும்?" கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 1,200 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன்.

பத்து நாளில் வண்ண வண்ணமாக ஒரு பிடிஎஃப் வந்தது. 312 இணைப்புகள். அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களின் பெயர்களைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூடப் போட்டேன். மகள்தான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே கட்டுரை, ஒரு எழுத்து மாறவில்லை. அதிலும் எங்கள் ஊரைக் கோலாலம்பூருக்குள் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அந்தத் தளங்களின் முகப்பிலிருந்து தேடிப் போனால் கட்டுரை கிடைக்காது. பிரஸ் ரிலீஸ் கொட்டுவதற்கென்றே ஒதுக்கிய ஒரு மூலையில் கிடக்கிறது. அமெரிக்காவில் ஒரு ஊர்க்காரர் தப்பித்தவறி அதைப் படித்தாலும், இங்கே கெனோப்பி எடுக்கவா வரப்போகிறார்?

அப்புறம் பக்கத்தின் நிரலைத் திறந்து 'நோஃபாலோ' என்ற ஒரு சொல்லைக் காட்டினாள். இந்த இணைப்பைத் தரவரிசைக்குச் சிபாரிசாக எண்ண வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. 2005-லிருந்தே இருக்கிறதாம். பிரஸ் ரிலீஸுக்குள் தேடல் சொற்களைத் திணித்து இணைப்புக் கொடுப்பது ஏமாற்று வேலை என்று கூகுளே 2013-இல் தன் விதிகளில் எழுதிவிட்டது. அத்தனை வருஷத்துக்கு முன் செத்துப்போன வித்தைக்குத்தான் நான் பணம் கட்டியிருக்கிறேன். உண்மையான செய்தி இருப்பவர் பிரஸ் ரிலீஸ் அனுப்புவதில் தப்பில்லை, நிருபர் யாராவது படித்து எழுதக்கூடும். நாங்கள் இருபது நாற்காலி புதிதாக வாங்கியது எந்த ஊரில் செய்தி?

தம்பியிடம் கேட்டேன். அவர் அசரவில்லை. "கடையில் இருந்தே உங்கள் போனில் தேடிப் பாருங்கள் அக்கா" என்றார். தேடினேன், முதல் இடம்! நம்பிவிட்டேன். தேடும் ஆள் எங்கே இருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் கூகுள் பக்கத்துக் கடைகளைக் காட்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடைக்குள் உட்கார்ந்து தேடினால் என் கடை வராமல் யார் கடை வரும்? ரவாங்கில் இருக்கும் நாத்தனார் தேடியபோது மூன்றாவது பக்கம் வரைக்கும் நாங்கள் இல்லை.

இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நோஃபாலோ இல்லாத 'பவர்' இணைப்புகள் என்று இன்னொரு பேக்கேஜ் சொன்னார், 1,800 வெள்ளி. போட்ட காசை எடுத்தாக வேண்டும் என்ற வெறியில் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் கட்டினேன். அந்த இணைப்புகள் எங்கிருந்து வந்தன என்று பின்னால்தான் பார்த்தோம். சூதாட்டத் தளம், உடம்பு இளைக்க மாத்திரை விற்கும் தளம், என்ன மொழி என்றே தெரியாத தளங்கள். எல்லாவற்றிலும் "செவா கானோபி மூரா" (மலிவான கெனோப்பி வாடகை) என்ற அதே மூன்று மலாய்ச் சொல். இந்த மாதிரி இணைப்புகளைப் பிடிப்பதற்கென்றே கூகுள் 2012-இல் 'பெங்குவின்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இப்போது பெரும்பாலும் அந்த இணைப்புகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும், தளத்தைத் தண்டிக்காது. எங்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. இரண்டு மாதத்தில் மகளின் சர்ச் கன்சோல் கணக்குக்கு (தளத்தின் நிலையைக் கூகுள் அதன் சொந்தக்காரருக்குத் தெரிவிக்கும் இடம்), இயற்கைக்கு மாறான இணைப்புகள் இருப்பதால் நடவடிக்கை எடுத்திருப்பதாக நோட்டீஸ் வந்தது. முன்பு மூன்றாவது பக்கத்தைத் தாண்டிப் போயாவது தேடிப் பிடிக்கலாம், அதற்குப் பிறகு அதுவும் போச்சு.

தம்பியைக் கூப்பிட்டால், அதைச் சரிசெய்ய 2,000 வெள்ளி ஆகும் என்கிறார். குப்பையைக் கொட்டியவரே அள்ளுவதற்கும் கூலி கேட்கிறார். அன்றைக்குத்தான் வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் திட்டவில்லை, அரை மணி நேரம் ஒன்றுமே பேசாமல் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சரிசெய்ய ஒரு காசு செலவாகவில்லை. மகள் அந்தத் தளங்களுக்கு மின்னஞ்சல் போட்டாள், பதில் போட்டவை சொற்பம். மீதியைப் பட்டியலிட்டு, இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளின் 'டிஸ்அவாவ்' வசதி வழியாக அனுப்பி, நடந்ததை மறைக்காமல் எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தாள். முதல் தடவை தள்ளிவிட்டார்கள். இரண்டாம் தடவை நோட்டீஸ் நீங்கியது. தளத்தில் ஊரின் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் எழுதினாள். கூகுள் மேப்பில் இலவசமாகக் கிடைக்கும் கடைப் பக்கத்தில் கெனோப்பி படங்களைப் போட்டாள். இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் அதைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள்.

உங்களுக்கும் இப்படி யாராவது வந்தால், முதலிடத்துக்கு உத்தரவாதம் என்ற பேச்சு வந்த உடனேயே போனை வைத்துவிடுங்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. சர்ச் கன்சோல் கணக்கும் தளத்தின் இணைய முகவரிப் (டொமைன்) பதிவும் உங்கள் பெயரில் இருக்கட்டும். எங்களுடையது மகள் கையில் இருந்ததால்தான் நோட்டீஸே கண்ணில் பட்டது.

பணத்தைத் திரும்பக் கேட்கப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நினைத்தேன். அது சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்குத்தான், தொழிலுக்கு வாங்கியதற்கு ஆகாது என்று தெரிந்தது. 5,000 வெள்ளிக்குள் இருப்பதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழி இருக்கிறது. அதற்காக வாட்ஸ்அப் பேச்சு, வங்கி ரசீது, அந்த வண்ணப் பிடிஎஃப் எல்லாவற்றையும் அச்சடித்து வைத்திருக்கிறேன். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இதே மாதிரி பணம் கட்டியவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். ஆளின் பெயரை இங்கே போட வேண்டாம்.