டைனமிக்கா, ஆர்மச்சரா? தீர்ப்புக்கு முன் காதைச் சரிபாருங்கள்

காதுக்குள் செருகும் இயர்போன்களில் ஒலியை எழுப்பும் உறுப்புக்கு டிரைவர் என்று பெயர். அதில் டைனமிக் வகை சிறந்ததா, பேலன்ஸ்டு ஆர்மச்சர் வகை சிறந்ததா என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை. நான் இரண்டு பக்கமும் சாட்சி சொன்னவன். சில ஆண்டுகள் ஆர்மச்சர் கட்சியில் தீவிரமாக இருந்தேன். என் டைனமிக் இயர்போனின் சிலிக்கோன் முனை வலது காதுக்கு ஓர் அளவு சிறியது என்பது பிறகுதான் தெரிந்தது. பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வற்றிப்போனதற்குப் பாவம், டிரைவர் பழி சுமந்திருக்கிறது.

முனை செவிக்குழாயை முழுதாக அடைக்கவில்லையென்றால் எந்த வகையானாலும் பேஸ் கசிந்துவிடும். பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று தடித்தால், அதுவரை கேட்டது டிரைவரை அல்ல, இடைவெளியைத்தான். இரண்டு காதுக்கும் ஒரே அளவு முனை பொருந்தும் என்றும் நம்ப வேண்டாம்.

அடுத்தது ஒலியளவு. ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக் காது ‘சத்தம் அதிகம்’ என்று சொல்லாது, ‘தெளிவு அதிகம்’ என்றே சொல்லும். இரண்டையும் சம அளவுக்குக் கொண்டுவராத ஒப்பீட்டை நான் படிப்பதே இல்லை. தாழ்ந்த ஒலியளவில் பேஸ் நம் காதுக்கு இன்னும் குறைவாகவே கேட்கும் என்பதை ஒலியியல் ஆய்வாளர்கள் பிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

இனி டிரைவர்கள். டைனமிக் என்பது ஒலிபெருக்கியின் குட்டி. காந்தப்புலத்தில் இருக்கும் கம்பிச்சுருள் சவ்வைத் தள்ளி இழுக்கிறது. ஆர்மச்சர், காது கேட்கும் கருவிகளிலிருந்து வந்தது. காந்தங்களுக்கு நடுவே நிற்கும் மெல்லிய உலோக நாக்கின் அதிர்வை ஊசி போன்ற ஒரு கம்பி சின்னஞ்சிறு சவ்வுக்குக் கடத்துகிறது. 1991இல் வந்த எட்டிமோட்டிக் இஆர்-4 என்ற இயர்போன் காதுக்கு ஒரே ஓர் ஆர்மச்சரை வைத்துக்கொண்டுதான் பேர் வாங்கியது.

என் சோதனைப் பாட்டு ஒரு மிருதங்கத் தனி. தொப்பியில், அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத்தில், கும்கி என்ற வளைந்த நாதம் உருளும்போது டைனமிக்கில் தோலுக்குப் பின்னே காற்று அசைவது தெரிகிறது. ஒற்றை ஆர்மச்சரில் சுருதி சரியாக இருக்கிறது, உடல் மெலிந்துவிடுகிறது. வலந்தலைக்கு, அதாவது வலப்பக்கத்துக்கு, வந்தால் கதை மாறுகிறது. விரைவுச் சொற்கட்டில் ஒவ்வொரு விரலும் தனித்தனியே விழுவதை ஆர்மச்சர் எண்ணிக் காட்டுகிறது.

இதைத்தான் ‘ஆர்மச்சருக்கு வேகம் அதிகம்’ என்பார்கள். நானும் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் அலைவெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் டைனமிக்கின் 200 ஹெர்ட்ஸ் வட்டாரத்தைக் கொஞ்சம் தணித்து, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக ஏற்றினேன். அந்த ‘வேகத்தில்’ முக்கால் பங்கு அதற்கும் வந்துவிட்டது. எதிர்த்திசையில் முயன்றபோது இவ்வளவு வெற்றி இல்லை. ஒற்றை ஆர்மச்சரின் பேஸை ஓரளவுக்கு மேல் உயர்த்தினால் கரகரக்கிறது. என் தராசு டைனமிக் பக்கம் சாய்ந்தது அன்றுதான்.

‘ஸ்’ என்ற உச்சரிப்பு குத்துகிறது என்ற புகாரில் மட்டும் எந்தக் கட்சியையும் உடனே குற்றம் சாட்டமாட்டேன். 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி எழும் மேடு, முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பொறுத்து நகரும். இன்னும் கொஞ்சம் ஆழமாகச் செருகினால் அது மேலே போய்விடும். ஒருவருக்குக் குத்துவது இன்னொருவருக்கு இனிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பல ஆர்மச்சர் கொண்டவற்றில் இன்னொரு சிக்கல்: அலைவெண்ணுக்கு அலைவெண் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அவை காட்டும் எதிர்ப்பு, ஏறி இறங்கும். வெளியீட்டு மின்மறுப்பு அதிகமான பெருக்கியில் மாட்டினால் தொனியே மாறிவிடும். டைனமிக் பெரும்பாலும் இந்த வம்புக்குப் போவதில்லை.

இரண்டையும் கலந்த ஹைப்ரிட்களும் உண்டு. பேஸ் ஒருவர், மேலே இன்னொருவர் என்று பங்கு பிரித்துக்கொள்பவை. இணைப்பு சரியாக இருந்தால் அருமை. இல்லையென்றால் பாடகரின் குரல் இரண்டு அறைகளிலிருந்து வருவதுபோல் இருக்கும்.

இசைக்கு நான் இப்போது எடுப்பது டைனமிக். ஆழமாகச் செருகும் ஆர்மச்சரை விற்றுவிடவில்லை. இரைச்சலான இடத்தில் தாழ்ந்த ஒலியளவில் உரை கேட்க அதற்கு ஈடு என்னிடம் வேறில்லை.