கொசுவத்தியா, டீட் தெளிப்பானா: வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எது?

தங்கச்சிக்கு மூன்றாவது மாதம். அம்மா சிங்கப்பூர் தேக்காவில் கொசுவத்தி வாங்கி வந்துவிட்டார், அவளோ டீட் (மேலில் அடித்துக்கொள்ளும் கொசுவிரட்டி மருந்து) தெளிப்பான்தான் என்கிறாள், நடுவில் நான். வெறும் அரிப்புக்கான சண்டை இல்லை இது: 2016 ஆகஸ்டில் இங்கே அல்ஜுனிட் பக்கம் கொசுவால் பரவியதே ஸிக்கா, அந்தக் கிருமி கருவின் மூளை வளர்ச்சியைக் கெடுத்து, தலை சிறுத்த குழந்தை பிறக்க வைக்கலாம்.

விலை: வத்தி மலிவு. தெளிப்பான் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

புகை: ஒரு வத்தி எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வரும் என்று அளந்திருக்கிறார்கள், அதையும் ஜன்னல் சாத்திய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அறையில் கொளுத்தினால் கேட்கவே வேண்டாம். தெளிப்பானில் புகையே கிடையாது. உறையில் சொன்னபடி போட்டால் கர்ப்பிணிகளுக்கும் ஆகும்.

நேரம்: ஸிக்காவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். வத்தி வீட்டோடு சரி, தெளிப்பான் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வரும்.

தொல்லை: டீட் பிசுபிசுக்கும், பிளாஸ்டிக்கையும் அரிக்கும் (அவள் கைக்கடிகாரக் கண்ணாடி மங்கியே போச்சு). வெயில் களிம்பு பூசுவதென்றால் அது முதலில், டீட் அப்புறம்.

ஆக, அவளுக்குத் தெளிப்பான். வத்தி, சாயங்காலம் தாழ்வாரத்தில் உட்காரும் அம்மாவுக்கு, அதுவும் செடித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு.